கப்பலுக்கு மூன்று தண்ணீர்

கப்பல்காரனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று எங்கள் அப்பாவை ஊரே கேட்டது. அப்பா யாருக்கும் காது கொடுக்கவில்லை. மாதச் சம்பளம், வெள்ளைச் சட்டை, அரசாங்க வேலை என்று மூன்று விரலை மடக்கிக் காட்டிவிட்டு என்னை எம். புதுப்பட்டியில் கட்டிக் கொடுத்துவிட்டார். மாசிக் கடைசியில் கல்யாணம். மறுவீடு போய் வந்த கையோடு தந்தி வந்தது, மாப்பிள்ளை கொச்சிக்குப் புறப்பட்டுவிட்டார். அவர் முகம் எனக்கு நன்றாகப் பதிவதற்குள் பஸ்ஸில் ஏறிய முதுகுதான் பதிந்தது.

அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். அதை நம்புகிறேனோ இல்லையோ, கடலில் நிற்கிற மனுஷன் விஷயத்தில் எனக்கு எதற்கு வம்பு? என் மாமியார் கருப்பம்மாள் கூப்பிடும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். கடற்படைக் கப்பல் ஒன்றில் பாய்லர் அறையில் அவருக்கு வேலை. பட்டாசு மருந்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய பயல், கடைசியில் குண்டு ஏற்றிய கப்பலில் அடுப்பு எரிக்கிறான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். நான் அப்படிப் பயந்தவள் இல்லை. உள்ளூர்ப் பட்டாசுக் கம்பெனியில் சரவெடிக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

போகும்போது அவர் ஒரே ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனி மாதம் முழுவதும் லீவு. ஆனியை விட்டால் அடுத்தது ஆடி. ஆடியில் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டார் வந்து கூட்டிப் போய்விடுவார்கள். ஆடியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வீட்டில் இருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடிக்கு ஆகாது என்று பயம். ஆகவே எனக்கு வாய்த்தது அந்த ஒரு ஆனி மாதம்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு பங்குனியையும் சித்திரையையும் வைகாசியையும் தாளோடு தாளாக ஒட்டித் தள்ளினேன்.

ஆனி பிறந்தது. அவர் வரவில்லை. விஷக்காய்ச்சல்தான் வந்தது. அது ஐம்பத்தேழாம் வருஷம். கிழக்குச் சீமையில் கிளம்பி, கப்பலேறி, உலகமெல்லாம் சுற்றிவந்த காய்ச்சல் அது. என் புருஷனுக்குத்தான் வர வழியில்லை, காய்ச்சலுக்கு எல்லா வழியும் திறந்து கிடந்தது.

விருதுநகர் கொத்தமல்லி வியாபாரி சம்சு பாய்தான் முதலில் செய்தி கொண்டுவந்தார். மல்லியும் வத்தலும் கொச்சிக்கு அனுப்புகிறவர், மாதம் இரண்டு மூன்று தரம் அங்கே போய் வருவார். எங்கள் வாசலில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“கருப்பம்மாக்கா, ஒங்க மகன் கப்பலப் பாத்துட்டுத்தான் வாரேன். கரைக்கு வரல, நடுத்தண்ணில நிக்கி. ஒருத்தரையும் எறங்க விடல. வெளியாளு யாரும் ஏறவும் கூடாதாம்.”

“எதுக்காம்?”

“உள்ள காய்ச்சலு. பாதிப் பேரு படுத்துட்டாகளாம். கஞ்சிதான் சாப்பாடாம். கொடிமரத்துல மஞ்சக் கொடி கட்டியிருக்காக. அதப் பாத்தா எந்தப் படகும் கிட்டப் போகாது.”

கம்பு புடைத்துக்கொண்டிருந்த அத்தை சொளகைக் கீழே வைத்தார்.

“மஞ்சத் துணியா?”

“ஆமாக்கா. நல்ல பழுத்த மஞ்ச.”

அத்தை எழுந்து, கிழக்கே இருக்கன்குடி அம்மன் கோயில் இருக்கிற திக்கைப் பார்த்து, தலைக்கு மேலே கையைக் குவித்தார்.

“ஆத்தா! கப்பலுக்கே வந்துட்டியா!”

இதில் அத்தையைக் குறை சொல்லவும் முடியாது. காய்ச்சல் அடிக்கிறது, உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே போகக்கூடாது, கஞ்சி குடிக்க வேண்டும், மஞ்சள் துணி கட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளையைக் கேட்டாலும் அது அம்மை என்றுதான் சொல்லும். சம்சு பாய் மட்டும் விடாமல் மல்லுக்கட்டினார்.

“அக்கா, இது கப்பல் சட்டம். எல்லா நாட்டுலயும் மஞ்சக் கொடிதான்.”

“எல்லா நாட்டுக்கும் ஆத்தா ஒருத்திதான தம்பி? பெறகு கொடி மட்டும் வேறயாவா இருக்கும்?”

“ஒடம்புல முத்து ஒண்ணும் போடலக்கா. வெறுங்காய்ச்சல்.”

“கடலுக்கு உள்ளயே முத்து கெடக்கு. அதுக்கு மேல ஒடம்புல வேற போடணுமா?”

சம்சு பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் எங்கள் நிலைப்படியில் வேப்பிலை தொங்கியது. மகன் இருக்கிற கப்பலுக்கு ஆத்தா வந்தால் மகன் பிறந்த வீட்டுக்கும் வந்ததுதானாம்.

காய்ச்சல் கொச்சியில், பத்தியம் எனக்கு. வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் ஆத்தாளுக்கு ஆகாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. தலை சீவக் கூடாது. விருந்தாள் வரக் கூடாது. பக்கத்து வீட்டு ராக்காயி அடுப்புக்கு நெருப்புக் கேட்டு வந்தபோது, தெருவிலிருந்தே அவளை விரட்ட வேண்டியதாயிற்று. அவள் போகும்போது என் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். சீவாத தலை அதற்குள் தூக்கணாங்குருவிக் கூடாகியிருந்தது.

வேலைக்காவது போகலாம் என்று கம்பெனிக்குப் போனேன். போர்மேன் கோட்டைச்சாமி கேட்டிலேயே கையை நீட்டி மறித்துவிட்டார்.

“அங்கனயே நில்லு தாயி. ஆத்தா ஒரு சூடு, மருந்து ஒரு சூடு. ரெண்டும் ஒரு செட்டுக்குள்ள சேந்தா நம்ம கம்பெனி எங்கன இருக்கும்? தீவாளி ஆர்டரு வேற கெடக்கு.”

“அண்ணாச்சி, ஆத்தா கொச்சில இருக்கா!”

“அவளுக்குக் கொச்சி என்ன, புதுப்பட்டி என்ன? ஒரு எட்டு.”

எனக்கு வந்த கோபத்தில் அங்கே தீப்பெட்டியே தேவைப்பட்டிருக்காது. வீட்டுக்குத் திரும்பி வந்து உப்பில்லாக் கூழைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஆனி மாதம் என் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது.

அத்தை சும்மா இருக்கவில்லை. வேப்பிலை கட்டாத கப்பலை விட்டு ஆத்தா எப்படி இறங்குவாள் என்று கவலை வந்துவிட்டது. சம்சு பாயின் அடுத்த லோடு கிளம்பும்போது ஒரு கட்டு வேப்பங்குழையைத் தலையில் சுமந்துபோய் லாரியில் ஏற்றிவிட்டு வந்தார். சம்சு பாய் தலையில் அடித்துக்கொண்டாலும் நல்ல மனுஷன். கொச்சியில் கப்பலுக்குக் காய்கறி கொண்டுபோகும் படகில் அதைப் போட்டுவிட்டார். கப்பல் சமையல்காரன் வடக்கத்தியான். மதராசிகள் எதிலும் போட்டுத் தின்னும் கறிவேப்பிலை என்று நினைத்து, அவ்வளவையும் உருவிப் பருப்பில் போட்டுவிட்டான். கப்பல் முழுவதும் அன்று கசப்பில் காறித் துப்பியதாம். இதை என் புருஷன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு கப்பலில் புதிதாக ஒருவரும் படுக்கவில்லை என்பதும், மஞ்சள் கொடி இறங்கியது என்பதும் உண்மை. அத்தை முகத்தில் அன்று வந்த பெருமையை என்னவென்று சொல்வது!

கொடி இறங்கி, அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஆனி கடைசியைத் தொட்டிருந்தது. வெள்ளைச் சட்டையும் தகரப் பெட்டியுமாகத் தெருமுனையில் வருகிறார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டேன். சீவாத தலையை முந்தானையால் மூடுவதா, சிரிப்பை மூடுவதா என்று தெரியாமல் தவித்தேன். அதற்குள் அத்தை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

“ஏலே கண்ணுச்சாமி! அங்கனயே நில்லுலே!”

அவர் ராணுவத்தில் நிற்பதுபோல் நின்றுவிட்டார்.

“எம்மா, நான்தாம்மா.”

“நீதான்னு தெரியுது. ஒனக்கு மூணு தண்ணி ஊத்தாம இந்த வாசல மிதிக்கக் கூடாது. தொழுவுல போய் இரு.”

“எனக்குக் காய்ச்சலே வரலம்மா. அம்புட்டுப் பேர்லயும் நான் ஒருத்தன்தான் தும்மல்கூடப் போடல. கப்பல் கணக்குப்படி எல்லாம் முடிஞ்சுபோச்சு. கப்பல் கணக்குத் தப்பவே தப்பாது.”

“கப்பல் கணக்கக் கப்பல்ல வச்சுக்கோ. இங்கன ஆத்தா கணக்குதான்.”

அம்மை கண்டவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை மூன்று தரம் தலைக்கு ஊற்ற வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தா இறங்கினாள் என்று அர்த்தம். அத்தை விரல்விட்டு எண்ணினார். நானும் எண்ணினேன். மூன்றாம் தண்ணீர் ஆடி முதல் தேதியில் வந்து விழுந்தது. அன்று காலையிலேயே சாத்தூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் அப்பா ஆடிச் சீரோடு வந்து நிற்பார், என்னைக் கூட்டிக்கொண்டு போவார். ஆடி முடிவதற்குள் இவர் லீவு முடிந்துவிடும். ஒரு பக்கம் கடற்படை, ஒரு பக்கம் ஆத்தா, ஒரு பக்கம் பஞ்சாங்கம். மூன்றுமாகச் சேர்ந்து என் புருஷனைப் பங்கு போட்டுக்கொண்டு எனக்கு ஒன்றுமில்லாமல் செய்துவிட்டன.

தொழுவத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு மண்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவர், பசுமாட்டோடு. இந்தப் பக்கம் நான், கூழ்ப்பானையோடு.

“வெள்ளத்தாயி,” என்றார் மெதுவாக. “அழுதியா?”

“அழாம? நீங்க மாட்டுக்குப் புருசனா, எனக்குப் புருசனா?”

சுவர் பக்கம் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார், “கப்பல்ல கேப்டன்கிட்ட ஒரு பேச்சுப் பேசி லீவு வாங்கிட்டேன். இங்கன எங்கம்மாட்ட ஒரு வார்த்த எடுபடல. சுத்தித் தண்ணியா இருந்த எடத்துலருந்து தப்பிச்சு வந்து மூணு குடம் தண்ணிக்குக் காத்துக் கெடக்கேன் பாரு.”

அதைக் கேட்டதும் எனக்குப் பளிச்சென்று பட்டது. சுவரோடு வாயை வைத்து, அவர் அம்மாவிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கல்யாணம் ஆன பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

காலையில் அத்தை மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு தொழுவத்துக்கு வந்தார். அவர் எழுந்து நின்று கேட்டார்.

“எம்மா, ஆத்தா யாருக்கு வந்தா? எனக்கா, கப்பலுக்கா?”

“கப்பலுக்குத்தான்.”

“அப்பத் தண்ணி யாருக்கு ஊத்தணும்?”

“கப்பலுக்கு...” என்று ஆரம்பித்த அத்தை நிறுத்திக்கொண்டார்.

“கப்பல் ராவும் பகலும் தண்ணிலயேதான நிக்கி? மூணு தண்ணியா? மூவாயிரம் தண்ணி ஊத்தியாச்சு.”

“போலே, அது உப்புத் தண்ணி. மஞ்சத் தண்ணியா அது?”

நான் இந்த இடத்துக்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொழுவத்து வாசலுக்கு வந்தேன்.

“அத்தை, இருக்கன்குடிக்கு அம்ம எறங்கணும்னு நேந்துக்கிட்டா அங்கன என்ன கொண்டுபோய்க் கொட்டுவீக?”

“உப்பும் மொளகும்.”

“ஒரு படி உப்புக்கே ஆத்தா எறங்குதாளே. கடல்ல எம்புட்டுப் படி இருக்கும்?”

அத்தை குடத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மாட்டைக்கூட ஒருமுறை பார்த்தார், அதுவாவது தன் பக்கம் பேசாதா என்று. பிறகு போய் நிலைப்படி வேப்பிலையை அவிழ்த்தார்.

அன்று நான் தலை சீவின சீவலில் சீப்புக்கு இரண்டு பல் போயிற்று. கடுகை அள்ளிப் போட்டேன், ராக்காயி வீடு வரைக்கும் வெடிக்கிற சத்தம் கேட்கட்டும் என்று. அப்பளம் பொரித்தேன், வத்தல் பொரித்தேன். அவர் இலை முன்னால் உட்கார்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு நாளும் நான் காத்துக் கிடந்த பார்வை அது. பார்த்தபடியே வாயைத் திறந்து, முகத்தைச் சுருக்கி, ஒரு தும்மல் போட்டார். அப்பளம் பறந்துபோய் அத்தை மடியில் விழுந்தது.

கப்பலில் வராத காய்ச்சல் பஸ்ஸிலோ ரயிலிலோ அவரோடு ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. விளக்கு வைப்பதற்குள் அவர் உடம்பு அனலாகக் கொதித்தது. அடுத்தது அத்தை படுத்தார், அதற்கு அடுத்தது நான். அத்தைக்கு நிமிர்ந்து உட்காரச் சீவனில்லை. ஆனாலும் போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் கணீரென்று வந்தது.

“நான் சொன்னேனா இல்லையா? கடல்ல குளிப்பாட்டுனாளாம் கப்பல! இப்ப வந்து நிக்கா பாரு ஆத்தா!”

காய்ச்சலிலும் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருவரைப் பார்த்ததில்லை. வேப்பிலை மறுபடியும் நிலைப்படிக்கு ஏறியது. இந்தத் தரம் நானே தள்ளாடிப் போய்க் கட்டினேன்.

ஆடி முதல் தேதி எங்கள் அப்பா பெத்தணன் சீர்த்தட்டோடு வந்தார். வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டார்.

“ஏளா வெள்ளத்தாயி! நல்லாருக்கியா?”

“காய்ச்சல்ப்பா! மூணு பேருக்கும்!” என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

“ஆத்தா இருக்கிற வீட்லருந்து ஆளக் கூட்டிட்டுப் போகக் கூடாதே! நான் என்ன செய்ய?”

எனக்கு அந்தக் காய்ச்சலிலும் சிரிப்பு வந்துவிட்டது. போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பா சீர்த்தட்டைத் தெருவோரக் கல்லில் வைத்துவிட்டு, போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். ஆத்தா இருக்கிற வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. சம்சு பாய் சிவகாசிக்குப் போய் இவருக்காகக் கப்பலுக்குத் தந்தி கொடுத்தார். காய்ச்சல் உள்ளவன் நன்றாகத் தேறாமல் கப்பல் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது என்று பதில் வந்தது. இவ்வளவு நாளும் எங்களைப் பிரித்து வைத்திருந்த சட்டங்கள் எல்லாம் சேர்ந்து இப்போது எங்களை ஒரே வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டன.

பூட்டி என்ன? எங்கள் வீடு ஒற்றை அறை வீடு. அந்தச் சுவரோரம் அவர், இந்தச் சுவரோரம் நான், நடுவில் அத்தை. ஆத்தா இருக்கிற வீடு, அதிலும் ஆடி மாதம். காய்ச்சலில் அத்தைக்குக் கண் செருகினாலும் நான் லேசாகப் புரண்டால் போதும், “என்னளா?” என்று கேட்பார். அவர் இருமினால், “என்னலே?” என்பார்.

இளையவர்கள் இருவரும் சீக்கிரம் எழுந்துவிட்டோம். அத்தைக்குத்தான் இழுத்துக்கொண்டு போயிற்று. நான் கஞ்சி காய்ச்ச, அவர் தாயின் தலையைத் தாங்கிப் பிடிக்க, கரண்டி கரண்டியாக ஊட்டினோம். ஒரு நாள் மத்தியானம் கஞ்சியை விழுங்கிவிட்டு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவனுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான், தெரியுமா?”

எனக்குத் தெரியாது. தாயைத் தாங்கியிருந்த அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நெசமான அம்ம. ரெண்டு தண்ணியோட எந்திரிச்சு வெளாடப் போயிட்டான். நல்லாத்தான இருக்கான்னு நானும் விட்டுட்டேன். மூணாந் தண்ணி ஊத்தல.” கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “அதான்ளா. ஒன் மேல கோவமெல்லாம் இல்ல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் மாமியார் கொடுமை என்று மனதுக்குள் ஏசிய ஏச்செல்லாம் திரும்பி வந்து என்னையே ஏசின. சீப்பை எடுத்து அத்தையின் தலையைச் சீவிவிட்டேன். சீவக் கூடாது என்று அவரும் சொல்லவில்லை.

மூன்று தண்ணீரும் முறையாக ஊற்றினோம், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, ஒன்றுகூடக் குறைக்காமல். மூன்றாம் தண்ணீருக்கு மறுநாள் அத்தை மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, உப்பும் மிளகும் முடிந்துகொண்டு புறப்பட்டார்.

“இருக்கன்குடிக்குப் போய்ட்டு வாரேன். ஆத்தங்கரைல தங்கிக் கும்பிட்டு வரணும்னு நேந்திருக்கேன். மூணு ராத்திரி ஆகும்.”

“நானும் கூட வாரேம்மா,” என்று அவர் சட்டையைத் தேடினார். கடற்படை என்ன சொல்லிக் கொடுத்ததோ, இந்த விஷயத்தில் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

“நீ எதுக்குலே? கெட இங்கனயே,” என்று அதட்டினார் அத்தை.

நான் வாசல்வரை போனேன். வேப்பிலை இன்னும் நிலைப்படியில் தொங்கியது. மூன்று தண்ணீரும் முடிந்த பிறகு அதை அவிழ்த்துவிட வேண்டும். நான் கையை உயர்த்தினேன். அத்தை என் கையில் பட்டென்று ஒன்று வைத்தார்.

“அது இருக்கட்டும்.”

“ஆத்தாதான் எறங்கிட்டாளே அத்தை?”

அத்தை தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். ராக்காயி வாசலில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு குரலைத் தணித்தார்.

“எறங்குனது எனக்கும் ஒனக்கும்தான் தெரியும். வேப்பிலையப் பாத்தா ஒங்கப்பன் வரமாட்டான், ராக்காயி வரமாட்டா, ஒரு ஈ காக்கா வராது. அவன் போனா இனி எப்ப வாரானோ.” சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

என் மகள் முத்துமாரி பிறந்தது சித்திரையில். நல்ல உச்சி வெயிலில், கல்லுக்குண்டு மாதிரி பிறந்து ஊரைக் கூட்டினாள். ராக்காயி பிள்ளை பார்க்க வந்த சாக்கில் ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணிப் பார்த்தாள். மறுபடியும் எண்ணினாள். கண் விரிந்தது.

“கருப்பம்மா மதினி, ஆடியில ஒங்க வீட்டு வாசல்ல வேப்பிலையில்ல தொங்குச்சு? கணக்கு எங்கனயோ இடிக்கே?”

அத்தை பேத்தியின் நெற்றியில் மஞ்சளை அப்பியபடி, தலையைக்கூடத் தூக்கவில்லை.

“அது கப்பல் கணக்கு. ஒனக்குப் புரியாது.”